செருகு

குப்பம் சாலை மாம்பழக்கூழ் ஆலையின் மாடியறையில்
ஜூன் மாதம் முழுக்க எனக்குச் சிவப்புதான் தெரிந்தது.
வாங்குகிறவர் ராட்டர்டாமில்.
அவர் அனுப்பிய எக்ஸ்எம்எல் எடிட்டர் ஒழுக்கமானது,
திறந்ததை மூடு என்னும்,
மூடாததன் கீழே கோடு நெளியவிடும்.
கோண அடைப்பைப் பார்த்து ஷபானா முதல் நாளே சொன்னாள்:
"கிளிமூக்கு மாதிரியே இருக்கு சார்."
கீழே எடைமேடையில் இறங்கிக்கொண்டிருந்ததும்
கிளிமூக்குதான்.
எடிட்டருக்கு அந்தப் பெயர் தெரியாது.
தோத்தாபுரி என்றால் ஒத்துக்கொள்ளும்,
பெங்களூரா என்றால் சிவக்கும்.
மரம் ஒன்றுதான்.

விவசாயி ஒவ்வொருவருக்கும் குடும்பப்பெயர் வேண்டும்.
காலியாக விடக்கூடாது, குறைந்தது ஓர் எழுத்து.
மாதேசனுக்கு ஏது குடும்பப்பெயர்?
திம்மராயனுக்கு ஏது?
சூளகிரி சின்னப்பையனைக் கேட்டேன்.
"எந்தக் குடும்பம்? பெரிசா, சின்னதா?" என்றார்.
லாரிகள் வளைவு தாண்டி நின்றன.
தார்ப்பாய்க்கு அடியில் காய் வியர்த்தது.

எடிட்டரின் கோப்புறைகளைத் துழாவினேன்.
ஒன்று காலியாகக் கிடந்தது,
பிளக்இன்ஸ் என்று பெயரெழுதி.
தனக்குத் தெரியாதது உண்டு என்று தெரிந்த யாரோ
எங்கோ உட்கார்ந்து விட்டுவைத்த இடம்.

செருகுநிரல் என்கிறார்கள் தமிழில்.
செருகு. எனக்குப் பிடித்த வினை.
கொண்டையில் பூ,
இடுப்பில் பீரோ சாவி,
கூரை ஓலையில் பால் கணக்குச் சீட்டு.
எதையும் உடைக்காமல்
இருக்கிற இடுக்கில் இருந்துகொள்வது.

இரண்டு ராத்திரி. நூற்றுப் பன்னிரண்டு வரி.
கிளிமூக்கு என்று அடித்தால் தோத்தாபுரி ஆகும்.
இனிஷியல் கண்டால்
ரேஷன் கார்டு நகலில் அதன் முழுப்பெயர் தேடி
குடும்பப்பெயராக உட்காரவைக்கும்.
எஃப் எட்டை அழுத்தினேன்.
முந்நூற்று நாற்பது சிவப்பும் ஒரே மூச்சில் போயின.
ஷபானா கைதட்டினாள். லாரிகள் நகர்ந்தன.
மேலாளர் ஜெயசிம்மன் எனக்கு மட்டும்
ஸ்பெஷல் டீ சொன்னார்.

திங்கட்கிழமை
வேப்பனப்பள்ளி ந. முனிரத்னம்மா படியேறி வந்தார்.
ரசீதை மேசையில் வைத்து விரலால் தட்டினார்.
முனிரத்னம்மா நரசப்பா.
"பதினோரு வருசம் முன்னாடி வுட்டுட்டுப் போனவன்.
கன்னு நட்டது நானு, போர் போட்டது நானு.
இவன் எப்டி உள்ள வந்தான்?"

நான்தான் செருகினேன்.
நூற்றுப் பன்னிரண்டில் எழுபத்தோராவது வரி.

"எடுத்துடு."
எடுத்தேன். உடனே சிவந்தது.
"ஏன் செவக்குது?"
"எதாச்சும் ஒண்ணு கேக்குதும்மா. ஒரு எழுத்தாவது."
திரையைப் பார்த்தார்,
தராசு முள்ளைப் பார்க்கிற பார்வை.
"ஒரு புள்ளி வையி."

வைத்தேன்.
ஒத்துக்கொண்டது.

புள்ளி வைத்த எழுத்தை மெய் என்கிறோம்.
அதை அவரிடம் சொல்லவில்லை,
வீட்டுக்குப் போகிற வழியில்
ரயில்வே கேட்டில் நிற்கும்போதுதான் தோன்றியது.

அன்றிரவே அந்த வரியை அழித்து
ஒரு சின்னப் பெட்டி வைத்தேன்.
அது எதையும் தானாக நிரப்பாது.
என்ன பேர் போடலாம், என்று கேட்டுவிட்டு
நிற்கும்.
வேகம் குறைந்தது. ஜெயசிம்மன் கடிகாரத்தைப் பார்த்தார்,
ஸ்பெஷல் டீ நின்றது.
மாதேசன் தன் கிணற்றின் பெயரைச் சொன்னார்.
சின்னப்பையன் யோசித்துவிட்டு நாளைக்கு வருகிறேன் என்று போனார்,
மறுநாள் வந்து ஊர்ப்பேரைப் போட்டார்.
இருபத்தாறு பேர் புள்ளி.
முனிரத்னம்மா யாரிடமெல்லாம் சொன்னாரோ.

ஆகஸ்டில் ராட்டர்டாமிலிருந்து மெயில்:
சில பதிவுகளில் வெறும் புள்ளி இருக்கிறது, பிழையா?
ஷபானா விசைகள்மேல் கைவைத்துக் காத்திருந்தாள்.
கீழே கடைசி ட்ரம்களை உருட்டிக்கொண்டிருந்தார்கள்.
சிந்திய கூழில் ஈ.
"இல்லேன்னு எழுது."
"ஏன்னு கேட்டா?"
"கேக்கட்டும்."